சிவப்பு, மஞ்சள், சிவப்பு

எங்கள் ஊர் நாடகத்தில் ஜாக்சன் துரைக்குத் தோளுக்கு நாலு நட்சத்திரம், மேஜர் பானர்மேனுக்கு மூன்று. ஜாக்சன் கலெக்டர், பட்டாளத்துக்காரரே இல்லை. ஆனாலும் கட்டபொம்மனோடு நேருக்கு நேர் வசனம் பேசுகிறவர் அவர்தானே, அதனால் ஒன்று கூடுதல். இந்தக் கணக்கை வகுத்தது என் அப்பா. நாகலாபுரம் கடைவீதியில் தையல்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக் காக்கி டிரவுசரும் சட்டையும் வருஷம் முழுக்க ஓடும் தொழில். நாடக உடுப்பை வாடகைக்கு விடுவது பருவத் தொழில். வத்தல் விற்ற காசு கையில் புரளும் பங்குனி, சித்திரையில்தான் கரிசக்காட்டு ஊர்களில் அம்மன் கோயில் பொங்கல் வரும். பொங்கல் என்றால் நாடகம். ஒரு ராத்திரி வள்ளி திருமணம், மறு ராத்திரி கட்டபொம்மன்.

கட்டபொம்மனை நாங்கள் வெறும் கதையாகப் பார்த்ததில்லை. 1799 செப்டம்பரில் அவருடைய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபிறகு அவர் மந்திரி தானாபதிப் பிள்ளையைக் கும்பினியார் தூக்கில் போட்டது எங்கள் நாகலாபுரத்தில். தலையைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோய் ஈட்டியில் குத்தி வைத்தார்கள். அடுத்த மாதம் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்கும் தூக்கு. அதனால் மேடையில் தானாபதியின் கையைக் கட்டி இழுத்துப் போகிற இடம் வந்தால் முன்வரிசைக் கிழவிகள் பானர்மேனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வைவார்கள். சில வருஷம் மண்ணாங்கட்டியும் பறக்கும். பானர்மேன் போடும் சிவப்புக் கோட்டை மட்டும் ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் துவைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும்.

கோட்டுக்கான நட்சத்திரம், சிங்கம், கத்தி எல்லாம் மதுரைப் புதுமண்டபத்தில் வாங்குவது. இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது நாயக்கர் காலத்துத் தூண் சிலைகளுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும். அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கான உடுப்பு ஒரு பக்கம், ஜிகினா, சம்கி, ராஜா கிரீடம் ஒரு பக்கம். மிலிட்டரி சாமான் ஒரு அட்டைப்பெட்டியில் குவிந்து கிடக்கும். தகரத்தை அச்சில் வெட்டி மஞ்சள் பூச்சுப் பூசிய நட்சத்திரம். பின்னால் ஈயம் வைத்து ஒட்டிய ஊசி. வியர்வை பட்டால் பூச்சு சட்டையில் இறங்கிவிடும். சிங்கத்துக்கு மூன்று முகமும் குழைந்து ஒன்றாகி, நாலு நாள் பட்டினி கிடந்த பூனை மாதிரி இருக்கும். அப்பா எதையும் எடை போட்டு வாங்குவது மாதிரி கை நிறைய அள்ளிக்கொள்வார். எது யாருக்கு என்ற கேள்வியே அவருக்கு வந்ததில்லை. பெரிய ஆள் என்றால் நிறையக் குத்து, சின்ன ஆள் என்றால் கொஞ்சம் குத்து.

இந்தக் கணக்கில் முதன்முதலாகக் கை வைத்தவர் சுபேதார் மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து 65, 71 இரண்டு சண்டையையும் பார்த்து, சுபேதார் மேஜராக ஓய்வு பெற்று, எண்பதுகளின் நடுவில் ஊருக்கு வந்தவர். வந்ததும் அப்பன் விட்டுப்போன நிலத்தில் மிளகாயும் மல்லியும் போட்டார். விடியுமுன் எழுந்து காட்டைச் சுற்றிவிட்டு நேரே எங்கள் கடைப் பலகைக்கு வருவார். மழை பெய்திருந்தால் பூட்ஸில் கரிசல் மண் அப்பி, கால் ஒவ்வொன்றும் ரெண்டு கிலோ கூடியிருக்கும். உடைந்த ஸ்கேல் துண்டு ஒன்றை அதற்கென்றே கடையில் வைத்திருந்தார். சுரண்டிச் சுரண்டி மண்ணைத் தெருவில் தட்டிக்கொண்டே பேசுவார். அவர் பேச ஆரம்பித்தால் அப்பா மெஷினை நிறுத்திவிடுவார்.

"மாப்ள, பானர்மேன் மேஜருதானே? அவனுக்கு எதுக்கு மூணு ஸ்டாரு? மூணு ஸ்டாரு கேப்டனுக்கு. மேஜருக்கு ஒத்தைச் சிங்கம். அவன் காலத்துல கிரீடம்னு வச்சுக்க."

உண்மையில் 1799-இல் பானர்மேன் தோளில் நட்சத்திரமும் இருந்திருக்காது, கிரீடமும் இருந்திருக்காது. ஆங்கிலேயர் படையில் அவை தோளுக்கு வந்ததே 1810-இல்தான். அதற்கு முன் சரிகைக் குஞ்சம்தான். இது பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அப்பா சொன்ன பதில் வேறு. "ஒத்தைச் சிங்கத்தக் குத்தி அனுப்புனா, என்னய்யா இவன் ஏட்டா, மேஜரான்னு ஜனம் கேக்கும் மச்சான்." நட்சத்திரம் மூன்றும் அப்படியே இருந்தது.

நாடகத்தில் இன்னொரு குறை உண்டு. அதை மாமாகூடச் சொல்லவில்லை. பானர்மேன் வெள்ளைக்காரர்களை மட்டும் கூட்டிக்கொண்டு வரவில்லை. அவர் பின்னால் வந்த கும்பினிச் சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்த மண்ணில் பிறந்தவர்கள். அவர்களை அணிவகுத்து நடத்தியவர்கள் சுபேதார்களும் ஜமேதார்களும். அதற்கு நாற்பது வருஷம் முன்னால் இதே பாளையங்களைக் கலக்கிய கான் சாகிப் என்கிற மருதநாயகமே கும்பினிப் படையில் சுபேதாராக இருந்து மேலே ஏறியவர்தான். 1764-இல் மதுரையில் தூக்கு. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் புதுத் தலைப்பாகை வேண்டாம், நெற்றிக் குறியை அழிக்கச் சொல்லாதே என்று துப்பாக்கியைத் திருப்பியவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களிலும் சுபேதார்கள் இருந்தார்கள். எங்கள் மேடையில் இவர்களுக்கு வேஷமே கிடையாது. துரை இருப்பார், ஈட்டி பிடித்த நாலு சிப்பாய்ப் பையன்கள் இருப்பார்கள். நடுவே ஆளே இல்லை.

மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் வீட்டில் எல்லாம் இருக்கும் பெட்டிதான். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், பதவி, பெயர். பெயர் எழுதிய இடம் வழவழவென்று இருக்கும். பதவி எழுதிய இடத்தைத் தடவினால் மேடு தட்டும். நாயக்கைக் கறுப்படித்து ஹவில்தார், அதைக் கறுப்படித்து நாயப் சுபேதார், அதன்மேல் சுபேதார், கடைசியில் சுபேதார் மேஜர். நாயப் சுபேதார் ஆனதும் நம்பரும் மாறும் என்பதால் அங்கேயும் ஒரு சின்ன மேடு. வெயில் சாய்வாக விழும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தால் அடியில் கிடக்கும் எழுத்துகள் ஒன்றிரண்டு தெரியும். சின்ன வயதில் அதைப் படிக்கிறது எனக்கு ஒரு விளையாட்டு.

அந்தப் பெட்டிக்குள்தான் அசல் சாமானை நான் முதலில் பார்த்தேன். கனத்த பித்தளைச் சிங்கம். பிராஸோ போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகங்களின் மூக்கு கொஞ்சம் மழுங்கியிருந்தது. மற்றபடி பிடரிமயிர் இழை இழையாக நின்றது. 'மெட்ராஸ்' என்ற பித்தளை எழுத்து. யானை பொறித்த தொப்பிச் சின்னம். 1803-இல் அசாயே சண்டையில் கிடைத்த யானை அது. அவற்றுக்கு அடியில், செய்தித்தாளில் மடித்து, ஒரு துண்டு நாடா. விரல் அகலம். சிவப்பு, மஞ்சள், சிவப்பு.

தையற்காரன் பிள்ளை என்பதால் என் கை முதலில் நாடாவுக்குத்தான் போனது. மூன்று துண்டை ஒட்டித் தைத்ததில்லை. ஒரே தறியில் மூன்று நிறமாக இறங்கியிருந்தது. ஓரம் பிரியவே இல்லை.

"இதுதாம்லே நானு," என்றார் மாமா. சிங்கத்தை ஒரு தோள்பட்டையில் குத்தினார். "இது மேஜரு." அதற்குக் கீழே, தோளின் ஓரத்தை ஒட்டி, நாடாவைக் குறுக்கே பிடித்தார். "இது சுபேதார் மேஜரு." நாடாவை எடுத்தார், வைத்தார். எடுத்தால் மேஜர், வைத்தால் சுபேதார் மேஜர். இரண்டு நட்சத்திரம் மட்டும் என்றால் இளம் லெப்டினென்ட். நாடாவோடு இரண்டு என்றால் பாதி ஆயுளைப் பட்டாளத்தில் கழித்த சுபேதார். நாடாவோடு ஒன்று நாயப் சுபேதார். 1965 வரை அவருக்கு ஜமேதார் என்று பெயர். ஹவில்தார் வரைக்கும் அடையாளம் சட்டைக் கையில், பட்டைகளாக. நாயப் சுபேதாரானதும் அது கையை விட்டுத் தோளுக்கு ஏறும்.

இங்கிலாந்துப் படையில் சுபேதார் மேஜருக்குக் கிட்டத்தட்ட ஒப்பான ஆள் ரெஜிமெண்டல் சார்ஜெண்ட் மேஜர். அவர் வாரண்ட் ஆபீசர். அரச முத்திரை அவருக்கு முன்கையோடு நின்றுவிடுகிறது. நம் விமானப் படையில் வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் என்றே பதவிகள் இருக்கின்றன. தரைப்படையில் பெயர் ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர். ஜனாதிபதி தரும் கமிஷன். வெள்ளைக்காரன் காலத்தில் வைஸ்ராய் தந்தது. அதனால் நட்சத்திரமும் சிங்கமும் இவருக்கு உண்டு. ஆனால் நாடாவோடுதான் உண்டு.

எங்கள் ஊருக்குத் தெரிந்த நாடா போலீஸ் நாடா ஒன்றுதான். இரண்டு நட்சத்திரமும் சிவப்பு நீல நாடாவும் இருந்தால் சப்-இன்ஸ்பெக்டர். மாமாவின் சுவரில் தொங்கிய போட்டோவில் தோளில் நாடாவைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷனில் மகனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு அம்மா அழுதுகொண்டு வந்து நின்றாள். போலீஸ் நாடாவுக்கும் தன் நாடாவுக்கும் சம்பந்தமில்லை என்று மாமா விளக்கிக்கொண்டிருக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தார். அன்று சாயங்காலம் பையன் வீட்டில் இருந்தான். என்ன பேசினார் என்று அப்பா கேட்டதற்கு, "பேசலை மாப்ள, பெஞ்சுல போயி உக்காந்துட்டேன். எந்திரிக்கலை," என்றார்.

பட்டாலியனிலும் அவர் வேலை ஏறக்குறைய இதுதான் போலிருக்கிறது. எண்ணூறு பேர் இருக்கிற பட்டாலியனுக்கு ஒரே ஒரு சுபேதார் மேஜர். கமாண்டிங் ஆபீசருக்கு, அதாவது சி.ஓ.வுக்கு, அடுத்த அறை. எவன் வீட்டில் பாகப்பிரிவினைத் தகராறு, எவனுக்கு லீவு கிடைக்காமல் தங்கச்சி கல்யாணம் நின்றுபோகும், எந்தக் கம்பெனியில் சமையல் சரியில்லை, எவன் ராத்திரி தனியாக உட்கார்ந்து அழுகிறான் என்று ஆபீசர்கள் காதுக்குப் போகாத எல்லாம் அவர் காதுக்கு வரும். அதில் எது சி.ஓ.வுக்குப் போக வேண்டும், எது அவரோடு நிற்க வேண்டும் என்று பிரிக்கிற இடம் அவர். பெரிய பண்டிகை வந்தால் கோயில் பூசையிலிருந்து, ஆபீசரும் ஜவானும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பாராகானா வரை அவர் பொறுப்பு. சி.ஓ. ஏதாவது தீர்மானிக்கும் முன் கேட்பது, "சாப், ஜவான்கள் என்ன நினைக்கிறாங்க?" இவர் அவரை 'சார்' என்பார், அவர் இவரை 'சாப்' என்பார். இருபத்தொரு வயது லெப்டினென்ட்டும் 'சாப்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

மாமா சுபேதாராக இருந்தபோது நடந்ததாகச் சொன்ன ஒன்று எனக்கு மறக்காது. புதிதாக வந்த லெப்டினென்ட் மேப்பைத் தப்பாகப் படித்துவிட்டு பிளாட்டூனை எதிர்த்திசையில் கூட்டிப்போகிறார். பின்னால் முப்பது பேர். தப்பு என்று மாமாவுக்கு முதல் திருப்பத்திலேயே தெரியும். சொன்னால் அந்தப் பையன் அதற்குப் பிறகு இந்த முப்பது பேருக்கும் ஆபீசராக இருக்க முடியாது. சொல்லாவிட்டால் ராத்திரி சோறு கிடையாது. "சார், அந்தா அந்த மரத்தடியில நெழல் நல்லா இருக்கு. பசங்களுக்குத் தண்ணி குடிக்கப் பத்து நிமிஷம் குடுத்தா, நாம ரெண்டு பேரும் மேப்ப இன்னொருக்காப் பாத்துருலாம்," என்றாராம். பார்த்தார்கள். லெப்டினென்ட் தானே எழுந்து, "ரூட் மாற்றுகிறோம்," என்று ஆர்டர் போட்டார். ஜவான்களுக்குக் கடைசிவரை தெரியாது என்றார் மாமா. எனக்கென்னவோ முப்பது பேருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் படுகிறது.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவனுக்கு நாடக உடுப்பின்மேல் எரிச்சல் வராமல் இருக்குமா? நகல் சாமான் செய்கிறவன் சிங்கம் செய்கிறான், நட்சத்திரம் செய்கிறான், குறுக்குக் கத்திகூடச் செய்கிறான். நாடாவை மட்டும் விட்டுவிடுகிறான். அவனுக்கு அது வெறும் அலங்காரம். அது இல்லாத தோளில் சுபேதார் மேஜர் மேஜராகிவிடுகிறார், சுபேதார் லெப்டினென்டாகிவிடுகிறார். சினிமாவிலும் இதே கதிதான். 'மேஜர் சந்திரகாந்த்' நடித்த சுந்தரராஜன் ஆயுள் முழுக்க மேஜர் சுந்தரராஜன். 'கேப்டன் பிரபாகரன்' நடித்த விஜயகாந்த் கடைசிவரை கேப்டன். சுபேதார் என்ற பட்டத்தோடு ஒரு நடிகர் நமக்கு வாய்க்கவில்லை.

அதனால் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்ட ஒரு கூட்டம் பக்கத்து ஊரிலிருந்து வந்து நின்றபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி, ராஜா, குறத்தி, கரடி, போலீஸ் என்று வேஷம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை எடுத்து, சூரசம்ஹாரத்தன்று கோயிலில் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வந்தவர்களில் ஒருவனுக்கு மிலிட்டரி வேஷம். எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், "எத்தனை இருக்கோ அத்தனையும்," என்றான். அப்போது நான் மெஷினில் நன்றாகப் பழகியிருந்தேன். சிவப்பு சாட்டினும் மஞ்சள் சாட்டினும் வெட்டி மடித்து, மாமாவின் நாடாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே அகலத்தில் ஒன்று தைத்திருந்தேன். ஒற்றைச் சிங்கம், நாடா, அவ்வளவுதான். இந்த வருஷமாவது ஒரு சுபேதார் மேஜர் குலசைக்குப் போகட்டும் என்று மாமாவிடம் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

வாங்கிப் பார்த்தார். தையலைத் தடவினார். "நல்லா வந்துருக்கு," என்றார். பிறகு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது மட்டும் வேசத்துக்கு வேண்டாம்லே."

"ஏன் மாமா, மேஜர் வேஷம் போடலாம், கேப்டன் வேஷம் போடலாம், இது மட்டும் ஏன்?"

"மேஜர் வேசம் போட்டு வந்தான்னா சிரிச்சுட்டுக் காசு போடுவாங்க. இதப் போட்டு வந்தான்னா நம்பீருவாங்க."

எனக்கு அன்றைக்கு அது அரைகுறையாகத்தான் ஏறியது. இப்போது யோசித்தால், சட்டம் சொல்வதும் அதையேதான். பட்டாளத்து உடுப்பைப் போடுவது குற்றமில்லை. பட்டாளத்துக்காரன் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு போடுவதுதான் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 140-ஆவது பிரிவு: மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. அபராதம் இரண்டாயிரமாக ஏறியிருக்கிறது. நாலு நட்சத்திரம் குத்திய ஜாக்சன் துரையை யாரும் நம்பப் போவதில்லை. அந்த வகையில் அப்பாவின் கணக்கு சட்டப்படி பத்திரமானது.

2016 ஜனவரியில் பதான்கோட் விமானத் தளத்தில் தாக்குதல் நடந்ததற்குப் பின் ராணுவ உடுப்பு, துணி, சின்னம் எதையும் வெளியாட்களுக்கு விற்காதீர்கள் என்று ராணுவமே கடைகளைக் கேட்டுக்கொண்டது. 2022-இல் சண்டை உடுப்புக்குப் புதுப் புள்ளி வடிவம் வந்தபோது, அதை வெளிக்கடையில் தைக்கவோ விற்கவோ கூடாது என்று வடிவத்தையே பதிவு செய்துவிட்டார்கள். ஆனாலும் சின்னங்களில் அசல் எது, நகல் எது என்பது அவ்வளவு சுலபமான கேள்வி இல்லை. தில்லி கண்டோன்மெண்டில் கோபிநாத் பஜார் போய்ப் பார்த்தால் தெரியும்: பதவி உயர்வு வந்த சிப்பாயும் ஆபீசரும் காசு கொடுத்து வாங்குவது கடையில்தான். தையற்காரன் தைத்துத் தருவதுதான். நகல் செய்கிறவனுக்கும் அவனுக்கும் நூல்கூட ஒன்றாக இருக்கலாம். பதவி சின்னத்தில் வருவதில்லை. பட்டாலியன் ஆபீஸ் வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் ஒரு வரியாக வருகிறது. "அந்த ஒரு வரி வந்த அன்னைக்குத்தான் பெயிண்டரைக் கூப்பிட்டுப் பொட்டிக்குக் கறுப்படிச்சேன்," என்று மாமா சொல்வார்.

மாமா போய்ப் பல வருஷம் ஆகிறது. பெட்டியும் சிங்கமும் அவர் மகளிடம் இருக்கின்றன. நான் தைத்த நாடா அந்தச் சட்டைப் பையிலிருந்து எங்கே போனதென்று தெரியவில்லை. 2022-இலிருந்து பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதே நாலு வருஷ அக்னிவீர் என்று ஆகிவிட்டது. நூற்றில் இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரமாகத் தங்க முடியும். அக்னிவீரர்களுக்குத் தனிச் சின்னம். நாடாவைத் தொடவே இருபது வருஷத்தை ஒட்டி ஆகும். சிங்கத்துக்கு இன்னும் பத்து வருஷம் போகும். இப்போது எங்கள் தெருவில் காலையில் ஓடிப் பழகும் பையன்களில் அவ்வளவு தூரம் போகிறவன் ஒருத்தனாவது இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான். ஆனால் அவர்கள் பேச்சு முழுக்க நாலு வருஷம் முடிந்ததும் கையில் என்ன வரும் என்பதில் இருக்கிறது. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது.

கடை இப்போது என் பொறுப்பில். போன தசராவுக்கு ஒரு பையன் வந்தான். போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். தோள்பட்டையில் மாட்டுகிற துணிச் சின்னம். சிங்கம் தெளிவாக, நாடா கச்சிதமாக, நிறம்கூடப் பிசகில்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வந்துவிடுமாம். "என் தாத்தாவும் பட்டாளம்தாண்ணே. அவரு இதுதான் போட்டிருந்தாராம். சட்டை மட்டும் நீங்க குடுங்க, இத நான் வாங்கி மாட்டிக்கிடுறேன்."

அவன் தாத்தாவை எனக்குத் தெரியும். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர். அதை அவனிடம் சொல்லவில்லை. சட்டையை எடுத்து, தோளுக்கு மூன்று நட்சத்திரமும் ஒரு சிங்கமும் ஒரு ஜோடி கத்தியும் குத்தி, நெஞ்சில் விசிலையும் தொங்கவிட்டுக் கொடுத்தேன்.

"இது என்ன ராங்க்ணே?"

"மேஜர்னு வச்சுக்க."

கண்ணாடியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிடித்துத்தான் இருந்தது. போகும்போது வாசலில் நின்று, "மேஜருக்கு வாடகை கூடவாண்ணே?" என்று கேட்டான்.

எல்லாத்துக்கும் ஒரே வாடகைதான் என்றேன். கரடிக்கு மட்டும் கூட. முடி கொட்டினால் திரும்ப ஒட்டுகிற செலவு இருக்கிறது.